செவலைக்குட்டியின் தகப்பன்

போன வாரம் ஷார்ஜாவிலிருந்து செல்வம் கூப்பிட்டான். நான் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்த குதிரைப் பண்ணையில் இப்போது அவன்தான் தலைமைச் சாயிஸ். குதிரையைத் தேய்த்து, குளிப்பாட்டி, தீனி வைத்து, நடத்திக் கூட்டிப்போகிறவனுக்கு அங்கே சாயிஸ் என்று பேர்.

“அண்ணே, புது டாக்டரம்மா வந்திருக்காங்க. எல்லாக் குதிரைக்கும் பிடரி மயிரைப் பிடுங்கி லேபுக்கு அனுப்பி, அப்பன் யாரு ஆத்தா யாருன்னு கம்ப்யூட்டர்ல ஏத்துறாங்க. கடைசிக் கொட்டகையில நிக்குதே செவலை, அதுக்கு அப்பன் பேரு எங்கயும் இல்ல. தாமஸ் சார்கிட்ட கேட்டா, ‘பாண்டி மாமாவைக் கேளு, அவர் சொல்வார்’ங்கிறார். யாருண்ணே அது?”

ஒரு வரியில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஒரு வரியைச் சொன்னால் செல்வம் சிரிப்பான். சிரிக்கக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஒன்பதாவது வரைதான் படித்தவன். பரமக்குடிப் பக்கம். பதினேழு வயதில் ஊரை விட்டுப் புறப்பட்டேன். காரணம் பின்னால் வரும். லாரியில் கிளீனர், மதுரையில் ஜவுளிக்கடை, சென்னையில் பந்தயக் குதிரை லாயம். லாயத்தில் இருந்த ஒருவர் விசா எடுத்துக் கொடுத்தார். தம்மாமில் இறங்கினால் குதிரை இல்லை, சிமெண்டு மூட்டைதான் இருந்தது. யான்புவில் சுத்திகரிப்பு ஆலையில் சாரம் கட்டினேன். தோஹாவில் நஜ்மாவில் பத்துப் பேர் அறையில் தங்கி ஒரு ஹோட்டலில் பாத்திரம் கழுவினேன். எங்கேயும் இரண்டு வருடத்துக்கு மேல் கால் நிற்கவில்லை. கடைசியில் ஷார்ஜாவின் உள்பக்கம், தைத் போகிற வழியில், ஒரு அரபி முதலாளியின் பண்ணைக்குக் குதிரைக்காரனாகவே வந்து சேர்ந்தேன். அங்கே நின்றுவிட்டேன். நிற்க வைத்தவர் ஹியூ சார்.

பண்ணையின் மேனேஜர் அவர். இங்கிலாந்துக்காரர். ஆறடிக்கு மேல் உயரம், வெயிலில் வெந்து சிவந்த கழுத்து, ஓரம் பிய்ந்த வைக்கோல் தொப்பி. கோபம் வந்தால் எல்லோரும் சத்தத்தைக் கூட்டுவார்கள், அவர் குறைப்பார். மிகவும் கோபமென்றால் உதடு மட்டும்தான் அசையும். சாயிஸ்கள் பயந்து கிட்டே போய்க் காதைக் கொடுப்போம். காதருகே வந்த திட்டை மறக்க முடியாது. அவருடைய இந்தி எங்கள் இந்தியைவிட மோசம். இரண்டு மோசமான இந்தியும் சேர்ந்து எப்படியோ எல்லாவற்றையும் பேசிவிடும்.

பண்ணையின் வேலை குட்டி எடுப்பது. பந்தயக் குதிரைக்கு ஓட்டம் அப்புறம், முதலில் வம்சம். தகப்பன் யார், தாய் யார், தாயின் தகப்பன் யார் என்று பல தலைமுறை எழுதி வைத்திருப்பார்கள். அதனால் சேர்க்கை என்பது பூஜை மாதிரி நடக்கும். பெட்டைக்குதிரையின் வாலைத் துணியால் சுற்றிக் கட்டுவோம். பின்பக்கத்தை வெந்நீரில் கழுவுவோம். சேர்க்கைக்கு வருகிற பொலிகுதிரையைப் பெட்டை உதைத்துவிடாமலிருக்க அதன் பின்னங்கால்களில் கம்பளி உறை மாட்டுவோம். கழுத்தைக் கடித்துவிடாமலிருக்கத் தோல் போர்வை. தரையில் ரப்பர் தூள். ஹியூ சார் ஓரமாக நின்று பொலிகுதிரையின் வாலையே பார்த்துக்கொண்டிருப்பார். அது துடிக்கிற விதத்தை வைத்துக் காரியம் முடிந்ததா இல்லையா என்று தெரிந்துகொண்டு, “கலாஸ்” என்பார், அரபியில் முடிந்தது என்று. அவ்வளவுதான்.

இதற்கெல்லாம் முன்னால் இன்னொரு வேலை உண்டு. பெட்டை தயாரா இல்லையா என்று தெரிய வேண்டும். தயாரில்லாத பெட்டை உதைத்தால் கோடி பெறும் பொலிகுதிரையின் கால் போய்விடும். அதனால் விலையில்லாத ஒரு ஆண் குதிரையை முதலில் கொண்டுவந்து, நடுவே பலகைத் தடுப்பை வைத்து, முகர விடுவோம். உதையும் கடியும் அதற்குத்தான். பெட்டை இணங்கி நின்றதும் அதை இழுத்துக்கொண்டு போய்விடுவோம். பிறகு ராஜா வருவார். அந்த வேலையைச் செய்த எங்கள் குதிரை, மார்பெல்லாம் பல் தழும்புள்ள ஒரு மட்டமான செவலை. தமிழ்ப் பையன்கள் அதற்குத் தரகர் என்று பேர் வைத்திருந்தோம்.

“பொண்ணு பாக்குறது மட்டும்தான் நம்ம தரகருக்கு. தாலி கட்ட வேற ஆளு” என்பான் செல்வம். எல்லா வருடமும் சொல்வான், எல்லா வருடமும் சிரிப்போம்.

குட்டி பிறந்தால் ஹியூ சாருக்கு ஒரு வழக்கம். அது தள்ளாடி எழுந்து முதல் பால் குடித்ததும், தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு, குட்டியைப் பார்த்து அதன் தகப்பன் பேரையும் தாய் பேரையும் உரக்கச் சொல்வார். அவர் குரல் உயர்ந்து நாங்கள் கேட்டது அப்போது மட்டும்தான்.

தன் குடும்பத்தையும் அவர் குதிரை வம்சம் மாதிரியே சொல்வார். ஏதோ ஒரு ராஜாவின் சண்டைக்குக் குதிரை கொடுத்ததற்காக அவருடைய மூதாதை ஒருவருக்கு லார்ட் பட்டம் கிடைத்ததாம். அப்பனுக்குப் பிறகு மூத்த மகன், அவனுக்குப் பிறகு அவன் மகன் என்று இறங்கி வந்திருக்கிறது. ஒருவர் சூதாடிக் காட்டை விற்றார். ஒருவருக்கு எல்லாம் பெண்கள். பெண்ணுக்குப் பட்டம் கிடையாது என்பதால் கனடாவில் இறைச்சிக்கடை வைத்திருந்த தம்பி பேரனைத் தேடிப் பிடித்து லார்ட் ஆக்கினார்கள். அரண்மனை மாதிரி இருந்த வீடு இப்போது ஹோட்டல். மிச்சம் இருந்தது பட்டமும், அந்த ஊர்ச் சர்ச்சுக்குள் ஒரு கல்லறையும்தான். பட்டம் ஹியூ சாரின் அண்ணனிடம் இருந்தது. இவர் இளையவர் என்பதால் பிழைக்க வந்தார்.

அவர் மனைவி டெஸ்ஸி அம்மா பிலிப்பைன்ஸ்காரர். குதிரை ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். நான் சேர்ந்தபோது மூத்தவன் தாமஸைப் பாட்டி வீட்டிலிருந்து அப்போதுதான் அழைத்து வந்திருந்தார்கள். சின்னவன் எட்வர்ட் வயிற்றில் இருந்தான். தாமஸ் எங்கள் கால்களுக்கு நடுவே வளர்ந்தான். அவன் முதலில் கற்ற தமிழ் எல்லாம் வீட்டில் சொல்ல முடியாத தமிழ். என்னை மாமா என்பான். எட்வர்டுக்குக் குதிரை வாசனையே ஆகாது, தும்முவான். பெரியவன் ஆனதும் படிக்க இங்கிலாந்து போய்விட்டான். தாமஸ் போய்ப் படித்துவிட்டுத் திரும்பி வந்து அப்பாவோடு வேலையில் சேர்ந்துகொண்டான்.

ஹியூ சாரின் அண்ணன் பிள்ளையில்லாமல் இறந்துபோனதாகச் செய்தி வந்தது. ஹியூ சார் லார்ட் ஆகிவிட்டார். காலையில் வழக்கம்போலத் தொப்பியோடு வந்து, தரகரின் குளம்பைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொல்லவில்லை, டெஸ்ஸி அம்மா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

நாங்கள் தங்கியிருந்த கேம்பில் செல்வம் கூட்டம் போட்டான். “நம்ம ஊர்ல பெரியவர் தவறிட்டா காரியத்தன்னிக்கு வாரிசுக்கு உருமா கட்டுவோம்ல. இவருக்கு யாரு இருக்கா கட்டி விட? நாமதான்.”

வெள்ளிக்கிழமை பிரியாணி போட்டோம். ரோலா கடைத்தெருவுக்குப் போய்ச் சரிகை வைத்த துண்டு இரண்டு வாங்கி வந்தோம். ஹியூ சாரை நாற்காலியில் உட்கார வைத்து, தொப்பியை எடுத்துவிட்டு, தலைப்பாகை கட்டினோம். கூச்சத்தோடு சிரித்தார். இரண்டாவது துண்டை செல்வம் என்னிடம் நீட்டினான்.

“அடுத்த பட்டம் தாமஸுக்குத்தானே. மாமன் முறைக்கு நீங்க கட்டுங்கண்ணே.”

தாமஸ் கொஞ்சம் தயங்கி, பிறகு குனிந்து தலையைக் கொடுத்தான். கட்டினேன். “சின்னத்துரை வாழ்க” என்று பையன்கள் கை தட்டினார்கள். நான் திரும்பிப் பார்த்தபோது ஹியூ சாரின் உதடு மட்டும் அசைந்தது. கோபம் என்று நினைத்துக் கிட்டே போனேன். தலையிலிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார். குதிரைகள் வட்டமாக நடக்கிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றோம்.

“பாண்டி, உன் அப்பா இறந்தப்போ உன்னை நெருப்பு வைக்க விடலைன்னு ஒரு தடவை சொன்னே.”

நான் ஏன் லீவுக்கு ஊருக்குப் போவதில்லை என்று அவர் கேட்டபோது சொன்னது. என் அம்மாவுக்கு என் அப்பா தாலி கட்டவில்லை. ஊருக்கே தெரியும். எனக்குத் தெரியாது. அப்பா வருவார், தின்பண்டம் கொடுப்பார், வெளியூரில் வியாபாரம் என்று போவார். அவர் செத்தபோது மூத்த பிள்ளை நான்தானே என்று சுடுகாட்டில் கொள்ளியை வாங்கக் கை நீட்டினேன். பெரிய வீட்டுப் பையன், என்னைவிடச் சின்னவன், பிடுங்கிக்கொண்டான். “இவன் யாருடா?” என்று ஒருவர் கேட்டார். நான் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். அவ்வளவுதான் கதை.

“ஆமா சார்.”

“அதுக்கு முன்னாடியே உன் அப்பா உன்கிட்ட சொல்லியிருந்தா?”

“வலிச்சிருக்கும். ஆனா கையை நீட்டியிருக்க மாட்டேன் சார்.”

இயந்திரத்தை நிறுத்தினார். பிறகு சொன்னார். டெஸ்ஸி அம்மாவுக்கு முதலில் ஒரு புருஷன் இருந்தான், விட்டுவிட்டு ஓடிப்போனவன். அவர்கள் நாட்டில் விவாகரத்து கிடையாது. அந்தக் கல்யாணம் செல்லாது என்று தீர்ப்பு வாங்கப் பல வருடம் இழுத்தது. அதற்குள் தாமஸ் உண்டாகிவிட்டான். கல்யாணக் காகிதம் இல்லாமல் அந்தக் காலத்தில் ஷார்ஜாவில் பிள்ளை பெற்றால் ஜெயில். அதனால்தான் பாட்டி வீடு. தீர்ப்பு வந்ததும் கல்யாணம் செய்துகொண்டார்கள். அப்புறம் எட்வர்ட்.

“கல்யாணம் பண்ணின பிறகு எல்லாத்துக்கும் அவன் என் மகன்தான். சொத்துக்கு, பேருக்கு, எல்லாத்துக்கும். பட்டத்துக்கு மட்டும் இல்ல. பிறக்கும்போது அப்பனும் ஆத்தாளும் கல்யாணம் ஆனவங்களா இருக்கணும். எட்வர்டுக்குத்தான் போகும்.”

“அந்தப் பட்டத்துல என்ன சார் இருக்கு? வீடு கூட இல்லையே.”

“ஒண்ணும் இல்லாததாலதான் கஷ்டம். வீடுன்னா ஆளுக்குப் பாதி குடுத்துடுவேன். பேரை எப்படிப் பாதியா வெட்டுறது?” தலைப்பாகைத் துண்டு இன்னும் அவர் தோளில் கிடந்தது. “இன்னிக்கு நீங்க அவனுக்குக் கட்டினீங்க. நான் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன்.”

“நீங்களே சொல்லிடுங்க சார். வேற யாரு வாயிலயும் அவன் கேக்கக் கூடாது.”

“சொல்றேன். இந்த சீசன் முடியட்டும்.”

சீசன் முடிந்தது. வெயில் காலம் வந்தது. அவர் தாமஸைத் தனியாகக் கூப்பிடுவதை நானே பலமுறை பார்த்தேன். இருவரும் வேலி ஓரமாக நடப்பார்கள். பேச்சு எப்போதும் ஏதாவது ஒரு குதிரையின் காலில் போய் முடியும். திரும்பும்போது என்னைப் பார்த்து லேசாகத் தலையாட்டுவார். இன்னும் இல்லை என்று அர்த்தம்.

அடுத்த சீசன் தொடக்கத்தில், ஒரு பெட்டையைக் கழுவிக்கொண்டிருந்தபோது, ஹியூ சார் சுவரில் சாய்ந்து அப்படியே சரிந்து உட்கார்ந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. உதடு அசைந்தது. நாங்கள் பழக்கத்தில் கிட்டே போய்க் காதைக் கொடுத்தோம். சத்தமே வரவில்லை. ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்தார். தாமஸ் கட்டிலை விட்டு நகரவில்லை. எட்வர்ட் விமானம் ஏறும் முன்பே உயிர் போய்விட்டது.

உடலை இங்கிலாந்துக்கு அனுப்பி அந்தச் சர்ச்சுக்குள் வைக்க ஏற்பாடு. காகித வேலைகளை டெஸ்ஸி அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். எட்வர்ட் மறுநாள் இறங்குகிறான். அவனோடு குடும்ப வக்கீலும் வருகிறார் என்றார்கள். சவப்பெட்டிக்கு முன்னால் எல்லோரும் எட்வர்டை லார்ட் என்று கூப்பிடப்போகிறார்கள். இவன் கை நீட்டி நிற்பான்.

காலையிலேயே தாமஸைத் தேடிப் போனேன். தரகரின் கொட்டகையில் இருந்தான். ஸ்பாஞ்சை நனைத்து அதன் மார்புத் தழும்புகளைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“தம்பி, ஒண்ணு சொல்லணும். அப்பா சொல்லணும்னு இருந்தார். அவரால முடியல.”

“தெரியும் மாமா.”

“என்ன தெரியும்?”

“பட்டம் எட்வர்டுக்கு. எனக்கு இல்ல.” துடைப்பதை நிறுத்தவில்லை. “பெரியப்பாவுக்கு உடம்பு சரியில்லாமப் போனப்பவே அம்மா சொல்லிட்டாங்க. எனக்குத் தெரியும்னு அப்பாகிட்ட சொல்லக் கூடாதுன்னு அம்மாகிட்ட சத்தியம் வாங்கிட்டேன்.”

“அப்ப அன்னிக்குத் தலையைக் குடுத்தியே.”

“நீங்க ஆசையா கட்ட வந்தீங்க. வேண்டாம்னா காரணம் சொல்லணும். அப்பா எதிர்ல உக்காந்திருந்தார்.”

“அவரு சொல்ல வரும்போதெல்லாம்…”

“நான்தான் பேச்சை மாத்துவேன். அவர் ஆரம்பிப்பார். நான் அந்தக் குதிரை நொண்டுது, இந்தக் குதிரை தீனி எடுக்கலன்னு சொல்லிடுவேன். சொன்னா என் முன்னாடி தலை குனிஞ்சிடுவார் மாமா. அதைப் பாக்க எனக்கு இஷ்டமில்ல.” ஸ்பாஞ்சைப் பிழிந்தான். “ஆஸ்பத்திரியில என் கையைப் பிடிச்சுக்கிட்டு வாயை அசைச்சுக்கிட்டே இருந்தார். என்ன சொல்றார்னு எனக்குத் தெரியும். தெரியும்ப்பா, விடுன்னு சொல்லியிருக்கலாம். பேச்சு வந்துடும்னு டாக்டர் சொன்னார். வந்தா அவரே சொல்லட்டும்னு இருந்துட்டேன்.”

அவன் மறுபடி துடைக்க ஆரம்பித்தான். நானும் ஒரு ஸ்பாஞ்சை எடுத்து மறுபக்கம் துடைத்தேன். குதிரை நடுவில் இருந்ததால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை.

விமான நிலையத்தின் சரக்குப் பகுதியில் வக்கீல் எட்வர்டிடம் குனிந்து, “மை லார்ட், இங்கே கையெழுத்து” என்றார். எட்வர்ட் திரும்பிப் பின்னால் பார்த்தான். அப்பா அங்கே நிற்கிறார் என்று நினைத்தவன்போல. யாரும் இல்லை என்று தெரிந்ததும் பேனாவை வாங்காமல் நின்றான். தாமஸ்தான் போய் அவன் தோளைப் பிடித்துக்கொண்டான்.

“பெட்டிக்கு முன்னாடி நீ நட, டாம்” என்றான் எட்வர்ட். “எனக்கு இது வேண்டாம். நான் கேக்கல.”

“நீ கேக்கலன்னு தெரியும். நட.”

தாமஸ் இங்கிலாந்துக்குப் போகவில்லை. பெட்டைகள் குட்டி போடுகிற சமயம், பண்ணையில் ஆள் வேண்டும் என்றான். காரில் திரும்பி வரும்போது எனக்குப் பொறுக்கவில்லை.

“அப்பன் காரியத்துக்கு ஒரு மகன் போகாம இருக்கலாமா? பின்னாடி நின்னா என்ன, போயிட்டு வா.”

“நீங்க நின்னீங்களா மாமா?”

ஹியூ சார் அவனிடம் சொல்லியிருப்பார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அன்று ஊர் பஸ் ஸ்டாண்டிலிருந்து பார்த்தாலே அப்பா எரிகிற புகை தெரிந்தது. பஸ் வரும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை நான் யாருக்கும் சொன்னதில்லை.

அரபி முதலாளி தாமஸையே மேனேஜர் ஆக்கினார். பண்ணையில் அமீனா என்று ஒரு பெட்டை உண்டு. வம்சமில்லாத நாட்டுக் குதிரை. தாயில்லாமல் போகிற உயர்ந்த குட்டிகளுக்குப் பால் கொடுப்பது அதன் வேலை. பால் வேண்டுமென்றால் அதுவும் குட்டி போட வேண்டும். எந்தக் குதிரையோடு சேர்ந்தாலும் சரி, யாரும் எழுதி வைப்பதில்லை. பிறக்கிற குட்டியையும் பால் மறந்ததும் யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். அந்த சீசன் கடைசியில் தாமஸ் என்னைக் கூப்பிட்டு, “அமீனாவுக்குத் தரகரை விடுவோம்” என்றான்.

“முகரவா?”

“இல்ல. பலகையை எடுத்துடுங்க.”

செல்வம் அதற்கு முன்பே வேறு பண்ணைக்கு மாறியிருந்தான், நான் ஊர் திரும்பிய பிறகுதான் மறுபடி வந்தான். கேம்பில் மற்ற எல்லோரிடமும் ஒரே சிரிப்பு. பாகிஸ்தானி சாயிஸ் ஒருவன் தரகரின் கழுத்தில் பிளாஸ்டிக் பூமாலை போட்டான். ஆனால் தாமஸ் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்யச் சொன்னான். அமீனாவின் வாலுக்குத் துணி சுற்றினோம், வெந்நீரில் கழுவினோம், காலுக்கு உறை மாட்டினோம். தரகர் பழக்கத்தில் முகர்ந்துவிட்டு, தன்னை இழுத்துப் போவார்கள் என்று தானாகவே திரும்பி வாசலைப் பார்த்து நின்றது. இழுக்க யாரும் போகவில்லை. அப்போதுதான் சிரிப்பு நின்றது. கொஞ்ச நேரம் கழித்து, தாமஸ் வாலைப் பார்த்து, “கலாஸ்” என்றான்.

அடுத்த குளிர்காலத்தில் ஒரு விடிகாலை குட்டி பிறந்தது. செவலை, நெற்றியில் வெள்ளை. கால் நடுங்க எழுந்து, விழுந்து, எழுந்து, தாயின் மடியைத் தேடிக் குடித்தது. கொட்டகையைச் சுற்றி எல்லோரும் நின்றோம். நான் விசா முடித்துப் புறப்படக் கொஞ்ச நாள்தான் இருந்தது. தாமஸ் உள்ளே போனான். அவன் தலையில் ஓரம் பிய்ந்த அந்த வைக்கோல் தொப்பி. அதைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டான். குட்டியைப் பார்த்து, அவன் அப்பாவின் அதே உரத்த குரலில் சொன்னான்.

“தகப்பன் தரகர். தாய் அமீனா.”

அந்தக் குட்டியை அவன் யாருக்கும் கொடுக்கவில்லை. செல்வம், அதுதான் நீ கேட்ட செவலை. டாக்டரம்மாவிடம் அப்படியே எழுதிக்கொள்ளச் சொல்.